ஓர் இராணுவ மேஜரின் ஒப்பந்தம்



விளையாட்டாளர் ஒருவர் குழு மாறினால் என் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை மில்லியன், ஐயா?' என்பதுதான். பணம் பெரிதாகப் பேசப்படாத ஓர் ஒப்பந்தத்தைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். பனி ஹாக்கி நம் வெப்ப நாட்டுக்கு அந்நியமான ஆட்டமே; ஆயினும் இவ்வரலாறு அறியத்தக்கது.

வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ், 1980களில் சோவியத் தேசியக் குழுவின் தலைவர். உலகின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களுள் ஒருவர். அவர் ஆடிய மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, செம்படையின் குழு. ஆகவே ஆட்டக்காரர்கள் யாவரும் படைவீரர்களே. பயிற்றுநர் விக்டர் திக்கனோவ் அவர்களை ஆண்டின் பெரும்பகுதி குடும்பத்தாரிடமிருந்து பிரித்துப் பயிற்சி முகாமிலேயே அடைத்து வைத்தார். கிண்ணங்கள் குவிந்தன என்பது உண்மை. அதற்காக அம்முறையைப் போற்ற என்னால் இயலவில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி டெவில்ஸ் குழு 1983இலேயே ஃபெடிசோவைத் தெரிவு செய்திருந்தது. 1988இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற பின் செல்லலாம் என்று அவருக்கு உறுதி கூறப்பட்டது. பின்னர் அவ்வுறுதி மீறப்பட்டது. தப்பியோடுவது எளிதாக இருந்திருக்கும். 1989 மே மாதம், ஸ்டாக்ஹோமில் உலகக் கிண்ணப் போட்டி முடிந்ததும், 20 வயது அலெக்சாண்டர் மொகில்னி அப்படித்தான் அமெரிக்காவின் பஃபலோ குழுவுக்குச் சென்றார். ஃபெடிசோவ் அவ்வழியை நாடவில்லை. தம்மைப் படையிலிருந்து முறைப்படி விடுவிக்க வேண்டும் என்று வாதாடினார். 1989 தொடக்கத்தில், திக்கனோவின் கீழ் இனி ஆட மாட்டேன் என்று நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். மேஜர் பதவியில் உள்ள ஒருவர் அன்றைய சோவியத் நாட்டில் அவ்வாறு எழுதுவது எத்தகைய துணிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவரின்றி உலகக் கிண்ணத்தில் ஆடோம் என்று சக ஆட்டக்காரர்கள் நின்றதால் மீண்டும் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டே முறையான அனுமதியுடன் நியூ ஜெர்சி சென்றார். லரியோனோவ், மக்காரோவ், குருத்தோவ் ஆகியோருக்கும் அவ்வாண்டிலேயே கதவு திறந்தது.

அப்போது அவருக்கு வயது 31. நியூ ஜெர்சியில் ஆறு பருவங்கள் ஆடினார். பெருவெற்றி ஏதும் வாய்க்கவில்லை. 1995 ஏப்ரலில் அக்குழு அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது. வேடிக்கை என்னவெனில், அவ்வாண்டு இறுதிச் சுற்றில் நியூ ஜெர்சிதான் டெட்ராய்ட்டை 4-0 என வென்றது.

டெட்ராய்ட் 1993இல் பயிற்றுநராக நியமித்திருந்த ஸ்காட்டி போமன், வேறு வகை மனிதர். 1995 அக்டோபரில் லரியோனோவும் வந்து சேர்ந்ததும், ஃபெடிசோவ், கான்ஸ்டான்டினோவ், ஃபெடரோவ், கோஸ்லோவ் என ஐந்து ரஷ்யர்களையும் ஒன்றாகக் களமிறக்கினார். பந்தைத் தமக்குள்ளேயே பரிமாறிக்கொள்ளும் அவர்களின் பழைய பாணியை அவர் மாற்ற முற்படவில்லை. (பந்து என்றேன், அது தட்டையான இரப்பர் வட்டு.) 1997இல் டெட்ராய்ட் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது, 42 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய வெற்றி.

ஆறே நாட்களில் நேர்ந்த கார் விபத்தில் கான்ஸ்டான்டினோவ் தலையில் படுகாயமுற்றார். அவரது ஆட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது. அதே காரில் இருந்த ஃபெடிசோவ் பிழைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபெடிசோவும் லரியோனோவும் கோஸ்லோவும் அக்கிண்ணத்தை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றனர். அது ரஷ்ய மண்ணைத் தொட்டது அதுவே முதன்முறை.