ஸ்கோலியோசிஸும் உடற்பயிற்சி சிகிச்சையும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே தன் அச்சில் முறுக்கிக்கொள்ளும் நிலையாகும். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் இப்பெயர் வழங்கப்படும். பதின்பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேரிடம் இது காணப்படுகிறது. பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. வளைவு பெரிதாகும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம்.

உடற்பயிற்சியால் இவ்வளைவை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் அப்பயன் வளர்ந்த பின்னும் நிலைக்குமா? இக்கேள்விகளுக்கு மருத்துவ உலகம் தந்த விடை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. பயிற்சிகள் மாறியது மட்டும் இதற்குக் காரணம் அன்று. அவற்றைச் சோதித்துப் பார்க்கும் முறையும் மாறியது.

தொடக்க காலம்

நோயாளியை ஏணியில் கட்டிக் குலுக்குவதையும், பலகையில் கிடத்தி இழுப்பதையும் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இரும்புக் கவசங்களைப் பயன்படுத்தினார். 1741இல் நிக்கோலா ஆந்திரி, குழந்தைகளின் உடற்கோணல்களைத் திருத்துவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளைந்த மரத்தைக் கழியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் அந்நூலின் படம் இன்றும் எலும்பியல் துறையின் சின்னமாக விளங்குகிறது.

1813இல் ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தின் வழியாக உடற்பயிற்சி ஒரு சிகிச்சை முறையாக ஐரோப்பாவில் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ருடால்ஃப் கிளாப், கைகால்களை ஊன்றித் தவழும் பயிற்சிகளை முதுகு வளைவுக்குப் பரிந்துரைத்தார்.

கத்தரீனா ஷ்ரோத்

1894இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த கத்தரீனா ஷ்ரோத் மருத்துவர் அல்லர். தாமே ஸ்கோலியோசிஸ் உடையவர். இளவயதில் அவருக்குக் கவசம் அணிவித்தார்கள். காற்று நிரம்பும் பலூனைக் கண்டு, உடலின் உள்வாங்கிய பகுதியை மூச்சால் நிரப்ப முடியுமா என்று அவர் எண்ணினார். கண்ணாடி முன் நின்று தம் உடலைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சிகளை வகுத்துக்கொண்டார். 1921இல் மைசன் நகரில் சிறு நிலையம் தொடங்கினார்.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்பதை விட்டு, அவரவர் வளைவின் வடிவத்துக்கு ஏற்பப் பயிற்சி என்ற கொள்கை இவரது முறையின் சிறப்பாகும். பிற்காலத்தில் இவரும், இயன்முறை மருத்துவரான மகள் கிறிஸ்தா லேனர்ட்-ஷ்ரோத்தும் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கு ஜெர்மனிக்குச் சென்றனர். அங்கே பாட் சோபர்ன்ஹைம் என்ற ஊரில் அமைத்த மருத்துவமனை இம்முறையின் மையமாயிற்று. ஷ்ரோத் 1985இல் காலமானார்.

1941ஆம் ஆண்டின் தீர்ப்பு

அமெரிக்க எலும்பியல் சங்கத்தின் குழு ஒன்று 425 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1941இல் அறிக்கை வெளியிட்டது. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியது. ஏனையோருக்கு மாற்றம் இல்லை. அதன்பின் அமெரிக்காவில் பயிற்சியின் மதிப்பு சரிந்தது. 1940களில் மில்வாக்கி கவசமும், 1960களில் பால் ஹாரிங்டனின் உலோகத் தண்டு அறுவை சிகிச்சையும் முன்னணிக்கு வந்தன. ஜெர்மனியில் மட்டும் ஷ்ரோத் முறை தொடர்ந்தது. ஒரே பிரச்சினைக்கு இரு நாடுகளில் இரு விடைகள் இருந்தன.

ஒப்பீடு இல்லாத எண்கள்

இரு தரப்பிலும் ஒரே குறை இருந்தது. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அப்பிள்ளைகளின் வளைவு என்னவாகியிருக்கும் என்பது தெரியாது. வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் வளைவு விரைவாகக் கூடும். ஆனால் பலருக்கு அது தானாகவே நின்றுவிடும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2013இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு காட்டியது. வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்தவர்கள் கவசம் அணிந்த குழுவில் 72 விழுக்காடு. வெறுமனே கண்காணிக்கப்பட்ட குழுவில் 48 விழுக்காடு. சிகிச்சை இன்றியே ஏறத்தாழப் பாதிப் பேர் தப்பினர். ஆகவே, "எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை" என்று ஒரு நிலையம் சொன்னால், அது ஒன்றையும் நிறுவிவிடாது.

அண்மைக்கால ஆய்வுகள்

2012இல் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, தரமான சான்றுகள் மிகக் குறைவு என்று கூறியது. 2014இல் இத்தாலியில் 110 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. இவர்கள் 25 பாகைக்குக் குறைந்த வளைவு உடையவர்கள். தம் வளைவைத் தாமே திருத்தும் பயிற்சி பெற்ற குழுவில் வளைவு சராசரியாக ஏறத்தாழ 5 பாகை குறைந்தது. வழக்கமான பயிற்சி செய்த குழுவில் பெரிய மாற்றம் இல்லை. எலும்பு வளர்ச்சி முடிந்து, சிகிச்சை நிறுத்தி ஓராண்டு ஆன பின்னும் இப்பயன் நீடித்தது.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவரின் இரு எக்ஸ்ரே படங்களுக்கு இடையே 5 பாகை வேறுபாடு அளவிடுவதில் நேரும் பிழையாகவும் இருக்கலாம். ஒரு குழுவின் சராசரி மாறுவது வேறு. ஒரு பிள்ளையின் படத்தில் எண் மாறுவது வேறு.

நீண்டகாலம் என்பது எவ்வளவு?

அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சை பெறாத 117 பேரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2003இல் வெளியானது. முதுகுவலி அவர்களிடம் கூடுதலாக இருந்தது; தோற்றம் பற்றிய மனக்குறையும் இருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று இயல்பாகவே வாழ்ந்தனர். பொதுவாக, வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குள் உள்ள வளைவு பிறகு கூடுவதில்லை. 50 பாகையைக் கடந்தது பெரியவர்களான பின்னும் மெல்லக் கூடும்.

பயிற்சி பற்றிய குலுக்கல் முறை ஆய்வுகளோ இந்நூற்றாண்டில்தான் பெருகின. அவற்றில் பங்கேற்ற பிள்ளைகள் இன்னும் நடுவயதைக்கூட எட்டவில்லை. அரை நூற்றாண்டுப் பயனைப் பற்றி அவை இப்போது பேச இயலாது.

எனவே இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: சிறிய வளைவுகளில், வளைவுக்கேற்ற பயிற்சி வளரும் பருவத்தில் உதவக்கூடும். சுமார் 25 முதல் 40 பாகை வரை வளைவுள்ள, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் கவசமே வலுவான சான்று உடையது. பயிற்சி அதற்குத் துணை. பயிற்சி போதும் என்று கவசத்தைத் தள்ளிப்போட்டால், வளர்ச்சி முடிந்த பின் அந்தக் காலத்தை மீட்க முடியாது.