கதம்ப அரங்கும் ஊமைப் படமும்

மனிதன் ஆக்கிய கலைகளுள் எழுதப்பட்டனவும் செதுக்கப்பட்டனவும் நிலைத்து நிற்கின்றன. ஆடப்பட்டனவும் பாடப்பட்டனவும் ஆடினோர் பாடினோருடன் மறைந்துவிடுகின்றன. கவிஞன் மறைந்தால் ஏடு இருக்கும். சிற்பி மறைந்தால் சிலை இருக்கும். மேடையிலே கரணமடித்து மக்களைச் சிரிக்க வைத்தவன் மறைந்தால் எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர்க்கு ஐக்கிய அமெரிக்காவில் 'வோடவில்' என வழங்கிய கதம்ப அரங்கின் வரலாறு நல்லதொரு பாடமாகும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் அந்நாட்டு மக்களின் மாலைப் பொழுதுகளை ஆண்ட அவ்வரங்கை அழித்தது சலனப்படம். அவ்வரங்கிலே என்ன நடந்தது என்பதை இன்று நம் கண்முன் காட்டுவதும் அதே சலனப்படந்தான். இவ்விரட்டை உண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதம்ப அரங்கின் தோற்றம்

வோடவில் என்ற சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. பிரான்சு தேசத்து நோர்மண்டிப் பகுதியில் வீர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே பாடப்பட்ட கேலிப் பாடல்களின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர் ஒரு சாரார். 'நகரத்தின் குரல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரே மூலம் என்பர் மற்றொரு சாரார். பிறப்பு எதுவாயினும் பொருள் தெளிவானது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு அல்லது ஒன்பது நிகழ்ச்சிகளை ஒரே அமர்வில் அடுக்கித் தருவதே வோடவில். பாட்டு, நடனம், செப்படி வித்தை, கழைக்கூத்து, பழக்கிய நாய்களின் ஆட்டம், சிறு நகைச்சுவை நாடகம் ஆகிய யாவும் அதிலே இடம்பெறும். பல நிறப் பூக்களைத் தொடுத்த கதம்ப மாலையை இதற்கு ஒப்பிடலாம்.

முன்பு இத்தகைய ஆட்டங்கள் மதுக்கடைகளை ஒட்டிய கொட்டகைகளிலேயே நடந்தன. குடும்பப் பெண்கள் அப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் டொனி பாஸ்டர் என்பவர் முதன்மையானவர். 1881ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் நியூயோர்க் நகரின் 14ஆம் வீதியில் அவர் திறந்த அரங்கிலே குடிவகை விற்கப்படவில்லை. ஆபாசப் பேச்சுக்கும் இடமிருக்கவில்லை. பெண்களை வரவழைப்பதற்காக மா, நிலக்கரி, பன்றித்தொடை முதலியவற்றைப் பரிசாக வழங்கியும் பார்த்தார். ஒழுக்கத்தோடு வியாபாரமும் இதில் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்த பாதிச் சனத்தொகையை அரங்குக்கு அழைத்தால் வருமானம் இரட்டிக்கும் அன்றோ?

பொஸ்டன் நகரில் பி. எப். கீத் என்பவரும் அவருடைய துணைவரான ஆல்பியும் இதனை மேலும் வளர்த்தனர். 1885இல் கீத் தொடர்காட்சி முறையைக் கொண்டுவந்தார். நுழைவுச்சீட்டு வாங்கியவர் விரும்பிய நேரத்தில் உள்ளே வரலாம். தாம் கண்ட நிகழ்ச்சி மீண்டும் வரும்வரை இருக்கலாம். மேடையிலே தகாத சொல் பேசுவோர்க்குக் கடுமையான தடை இருந்தது. ஒவ்வோர் ஊர் அரங்கின் முகாமையாளரும் எந்த ஆட்டம் எத்தனை நிமிடம் நடந்தது, சனங்கள் எவ்வாறு வரவேற்றனர் என்றெல்லாம் எழுதித் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புவார். அவ்வறிக்கைகள் இன்றும் அயோவாப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

ஒரு மாலை நிகழ்ச்சியின் அமைப்பு

கண்டபடி அடுக்கிய மாலையன்று இது. முதலில் வருவது பேச்சில்லாத ஆட்டம். கரணக்காரரோ பழக்கிய மிருகங்களோ தோன்றுவர். சனங்கள் இன்னும் இருக்கை தேடி நடந்துகொண்டிருக்கும் வேளையில் பேசினால் யார் கேட்பார்? அடுத்துப் பாட்டுக்காரர் இருவர். அதன்பின் சிறு நாடகம். இடைவேளைக்கு முன் பெயர்பெற்ற ஒருவர் வந்து, இடைவேளையில் மக்கள் பேசிக்கொள்வதற்கு ஏதேனும் விட்டுச் செல்வார். மிகப்பெரிய நட்சத்திரத்துக்கு உரிய இடம் கடைசிக்கு முந்தியது. கடைசி இடம் மீண்டும் பேச்சில்லா ஆட்டத்துக்கே உரியது. அப்போது சனங்கள் எழுந்து வெளியேறத் தொடங்கியிருப்பர். பெரிய காட்சியமைப்பு உள்ள நிகழ்ச்சிக்குப் பின்னால், முன்திரைக்கு வெளியே நின்று பேசும் ஒருவரை விடுவார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் திரைக்குப் பின்னால் அடுத்த காட்சி தயாராகிவிடும்.

இதனால் கலைஞர் கற்ற பாடம் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், அறிமுகம் எதுவுமின்றி, அந்நியர் ஆயிரம் பேரைக் கவரவேண்டும். ஒரு நொடி வீணானாலும் அரங்கு கைவிட்டுப் போய்விடும். இந்தச் சிக்கனமே பிற்காலத்தில் குறும்படக் கலைக்கு உயிராயிற்று.

விருந்தாளியாக வந்த சலனப்படம்

சலனப்படத்துக்குள் முதன்முதல் புகுந்தவர்களுள் பலர் இக்கதம்ப அரங்கினரே. எடிசனின் படப்பிடிப்புக் கூடத்துக்கு 1894ஆம் ஆண்டு அழைக்கப்பட்டவர்களுள் மல்லர் யூஜின் சாண்டோ ஒருவர். அக்காலத்தில் அவர் நியூயோர்க்கில் கொஸ்டர் அன்ட் பியால் மண்டபத்திலே தம் உடல் வலிமையைக் காட்டி வந்தார். பின்னர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்த இவருடைய பெயரே தமிழிலே பயில்வான்களுக்குப் பட்டமாகவும், கையில்லாத உள்ளாடைக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. சாண்டோவின் படம் ஒரு நிமிடங்கூட ஓடாது. அக்காலப் படச்சுருள் அவ்வளவுதான் கொள்ளும். நீண்ட நாடகத்தை அதில் அடக்க முடியாது. ஒரு கரணத்தை, ஒரு நடனத்தை அடக்கலாம். ஆகவே கருவியின் குறையே கதம்பக் கலைஞருக்கு வாய்ப்பாயிற்று.

எடிசன் பெயரால் வெளிவந்த வைற்றாஸ்கோப் என்னும் படம் வீழ்த்தும் கருவி 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதே கொஸ்டர் அன்ட் பியால் மண்டபத்தில் அரங்கேறியது. நடனப் பெண்கள் தோன்றினர். இங்கிலாந்தின் டோவர்த் துறையில் அலைகள் மோதும் காட்சியும் தோன்றியது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 29ஆம் நாள், கீத்தின் நியூயோர்க் அரங்கிலே லூமியர் சகோதரரின் கருவி இடம்பெற்றது. படத்துக்கெனத் தனி மண்டபங்கள் இல்லாத அந்நாளில் அதற்குத் திண்ணை கொடுத்தது கதம்ப அரங்கே. மேடை ஆட்டங்களுக்கு நடுவில் இதுவும் ஓர் 'ஆட்டம்' என்றே கணிக்கப்பட்டது.

ஆனால் முதலாளிகள் அதற்குள் வேறோர் உண்மையைக் கண்டுகொண்டனர். 1900ஆம் ஆண்டு மேடைக் கலைஞர் 'வெள்ளை எலிகள்' என்ற பெயரிலே ஒரு சங்கம் அமைத்தனர். தமது சம்பளத்தில் நூற்றுக்கு 5 வீதத்தைத் தரகாக அறவிடும் முறையை எதிர்த்து 1901 பெப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தனர். மனிதர் வராத வெற்றிடத்தைச் சில அரங்குகள் படங்களால் நிரப்பின. படச்சுருள் வேலைநிறுத்தம் செய்யாது. புகையிரதக் கட்டணம் கேட்காது. தகரப் பெட்டிக்குள் அடங்கி ஊர் ஊராகப் போகும். வேலைநிறுத்தம் தோற்றது. அச்சங்கத்தில் அன்று பெண்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் இடமளிக்கப்படவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். உரிமை கேட்போர் பிறர் உரிமையை மறந்தால் அணி பலம் பெறுவதெங்ஙனம்?

1905இல் பிட்ஸ்பேக் நகரில் ஹரி டேவிஸ் என்ற கதம்ப அரங்க முதலாளியும் ஜோன் ஹரிஸும் 5 சதக் கட்டணத்தில் படமாளிகை ஒன்றைத் திறந்தனர். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய மாளிகைகள் நாடெங்கும் பல்கிப் பெருகின. மற்றொரு முதலாளியான மார்க்கஸ் லோ சில ஆட்டங்களையும் படங்களையும் கலந்து மலிவு விலையில் வழங்கினார். விருந்தாளி மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

மேடையிலிருந்து திரைக்கு

இவ்வேளையில் மேடையின் செல்வம் திரைக்குப் பெயர்ந்தது. இங்கிலாந்தில் வோடவிலுக்கு ஒப்பானது மியூசிக் ஹோல். அங்கே பிரெட் கார்னோ என்பவரின் ஊமை நாடகக் குழு புகழ்பெற்றிருந்தது. அக்குழுவுடன் 1910இலும் 1912இலும் அமெரிக்க அரங்குகளைச் சுற்றிவந்த இளைஞரே சார்லி சப்ளின். அவருக்குப் பதிலாளாக இருந்தவர், பின்னாளில் ஹார்டியுடன் இணைந்து உலகைச் சிரிக்க வைத்த ஸ்டான் லோரல். கதம்ப அரங்கு ஒன்றிலே பெட்டி இருக்கையில் அமர்ந்த குடிகாரன் மேடை ஆட்டக்காரரை அலைக்கழிப்பதே கார்னோ குழுவின் புகழ்பெற்ற நாடகம். குடிகாரனாக வருபவர் சப்ளின். 1915ஆம் ஆண்டில் அதனையே ஆதாரமாகக் கொண்டு 'எ நைற் இன் த ஷோ' என்னும் குறும்படத்தை எடுத்தார். அதில் முன்வரிசைச் செல்வனும் அவரே. மேல்மாடத்து முரடனும் அவரே.

மற்றொருவர் பஸ்டர் கீட்டன். 1895இல் நாடோடிக் கலைஞர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தை மகனைத் தூக்கி எறிவதே அக்குடும்பத்தின் ஆட்டம். எறிவதற்கு வசதியாகப் பிள்ளையின் உடையிலே பெட்டியின் கைபிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. சிறுவர் வதைத் தடுப்புச் சங்கத்தார் பலமுறை குறுக்கிட்டனர். விழுந்தவன் சிரித்தால் சனங்கள் சிரிப்பதில்லை, விழுந்தவன் முகம் மாறாதிருந்தால் அரங்கே அதிரும் என்பதைச் சிறுவன் கற்றான். 1917இல் திரைக்கு வந்த பின்னும் அந்த மாறா முகம் மாறவில்லை. 1921இல் அவர் எடுத்த 'த பிளேஹவுஸ்' என்னும் குறும்படம் ஒரு கதம்ப அரங்கையே காட்டுகிறது. வாத்தியக்காரர், பாடுவோர், ஆடுவோர், பார்ப்போர் ஆகிய யாவரும் கீட்டனே! வில்லையின் முன்னே சிறு மூடிகளை அமைத்து, ஒரு பகுதியை மட்டும் திறந்து படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மீண்டும் பிடித்தனர். அந்நாளிலே கமராவைக் கையாலேயே சுழற்ற வேண்டும். வேகம் சிறிது பிசகினாலும் யாவும் பாழ். படக்கலையின் நுட்பத்தால் மேடைக்கு எழுப்பிய நினைவுச் சின்னமென்றே இதனைக் கொள்ளலாம்.

கரி பூசிய முகம்

இவ்வரங்கின் புகழை மட்டும் பாடி முடிப்பது நடுநிலையாகாது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரை ஏளனஞ் செய்வது அங்கே சர்வ சாதாரணம். பல அரங்குகளில் கறுப்பினத்தவர்க்கு மேல்மாடத்திலேயே இடம். பஹாமாத் தீவுகளிற் பிறந்த பேட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர் தம் காலத்து நகைச்சுவையாளருள் தலைசிறந்தவருள் ஒருவர். அவரும் தம் இனத்தை ஏளனஞ் செய்யும் அதே கரியைத் தாமும் பூசியே மேடையேற வேண்டியிருந்தது. 1916இல் வெளிவந்த ஒரு குறும்படத்திலே, சிறைக்கூடத்தில் தனியே அமர்ந்து, சீட்டும் இல்லாமல், எதிராளியும் இல்லாமல், ஒரு சூதாட்டம் முழுவதையும் முகக்குறியால் அவர் நடித்துக் காட்டுகிறார். மேடையில் அவர் பல்லாண்டு நடித்துப் புகழ்பெற்ற காட்சி அது. 1922இல் அவர் மறைந்தார். அந்தச் சில நிமிடப் படம் இல்லையேல் அக்காட்சியின் அருமையைப் பிறர் சொல்லக் கேட்டே நாம் அறிந்திருப்போம்.

வீழ்ச்சி

ஒரு மேடைக் கலைஞர் தமது பதினைந்து நிமிட ஆட்டத்தை வைத்துக்கொண்டு பத்தாண்டு பிழைக்கலாம். ஏனெனில் ஓர் ஊருக்கு ஆண்டிலே ஒருமுறை போனாற் போதும். அதே ஆட்டம் படமானால் ஒரு சில வாரங்களில் நாடு முழுவதும் பார்த்துவிடும். பிறகு அவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்? இதுவே வீழ்ச்சியின் முதற் காரணம். படம் ஒலி பெற்றது இரண்டாவது காரணம். 1926 ஆகஸ்ட் 6ஆம் நாள் வோணர் சகோதரர் வைற்றாபோன் முறையை அரங்கேற்றினர். அதன்பின் நூற்றுக்கணக்கான மேடை ஆட்டங்கள் ஒலியுடன் குறும்படங்களாகப் பதிவாயின. பெரிய நகரத்தவர் மட்டும் கேட்ட பாட்டைச் சிற்றூரார் குறைந்த கட்டணத்தில் கேட்டனர்.

1928இல் கீத்தினதும் ஓர்பியத்தினதும் அரங்குத் தொகுதிகள் ஆர்.கே.ஓ. என்னும் படக் கம்பனிக்குள் அடங்கின. அப்பெயரில் வரும் கே எழுத்து கீத்தையும் ஓ எழுத்து ஓர்பியத்தையும் குறிப்பன. மேடை போயிற்று, முதலெழுத்து மட்டும் மிஞ்சிற்று! பொருளாதார மந்தம் எஞ்சியதையும் வாட்டியது. 1913 மார்ச் 24ஆம் நாள் திறக்கப்பட்டு, கலைஞர் யாவரும் ஒருமுறையேனும் ஏறத் துடித்த நியூயோர்க் பலஸ் அரங்கு, 1932ஆம் ஆண்டில் படமாளிகையாயிற்று. வோடவிலின் மரணம் அந்த ஆண்டு என்றே வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர்.

காப்பாற்றியவர்கள்

அழித்ததே காப்பாற்றியது என்றோம். ஆனால் படமும் தானாக வாழவில்லை. பழைய படச்சுருள் தீப்பற்றக்கூடியது. நாளடைவில் உருகித் தூளாகிவிடுவது. 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களுள் நூற்றுக்கு 14 மட்டுமே மூல வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 1912 வரை பதிப்புரிமைக்காகப் படங்களைக் காகிதச் சுருளிலே அச்சிட்டு ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. அக்காகிதங்களிலிருந்தே 1950களில் பல படங்கள் மீட்டெடுக்கப்பட்டன. வைற்றாபோன் படங்களின் ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. தட்டுத் தொலைந்தால் பாடகர் வாயசைப்பார், குரல் வராது. 1991 முதல் அன்பர் சிலர் கூடிப் பழைய தட்டுக்களைத் தேடி, ஊமையாகிக் கிடந்த படங்களுக்கு மீண்டும் குரல் கொடுத்து வருகின்றனர். பேட் வில்லியம்ஸ் 1913இல் நடித்து முற்றுப்பெறாத படமொன்றின் சுருள்களை 1939இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் பிற சுருள்களுடன் பெற்று வைத்திருந்தது. 2014ஆம் ஆண்டிலேயே அவை உலகுக்குக் காட்டப்பட்டன. நூறாண்டு இருளுக்குப் பின் அக்கலைஞர் மீண்டும் ஆடினார்.

ஆதலால், உயிருள்ள மேடையைப் படம் ஒருபோதும் ஈடுசெய்யாது. சனங்களின் சிரிப்பைக் கேட்டு ஆட்டத்தை மாற்றும் வல்லமை சுருளுக்கு இல்லை. எனினும் சுருளும் இல்லாவிடின் வெறும் பெயரே எஞ்சும். சில நாளில் பெயரும் எஞ்சாது. மேடையில் ஆடுவோர் நம்முன் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்களைச் சென்று காணுதலும், கண்டதைப் பதிந்து பேணுதலும் ஆகிய இரண்டு கடமைகளையும் கதம்ப அரங்கின் வரலாறு நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றது.