தாவர நிறமிச் சூரிய மின்கலம்

பூ, பழம், இலை, மரக்கட்டை ஆகியவற்றிலிருந்து எடுத்த சாயத்தைக் கொண்டு ஒளியை மின்சாரமாக்கும் கலம். சாயமேற்றிய சூரிய மின்கலங்களில் இது ஒரு வகை.

கண்ணாடியின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசப்படுகிறது. வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் இப்பொருள் புறஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்க அதில் நிறமி ஏற்ற வேண்டும். ஒளி பட்டதும் நிறமி ஓர் எலெக்ட்ரானைப் படலத்துக்குக் கொடுக்கிறது. அந்த இழப்பை அயோடைடு கரைசல் ஈடுசெய்கிறது.

துத்தநாக ஆக்சைடின் மேல் பச்சையத்தை ஏற்றி மின்னோட்டம் பெறலாம் என்று 1971-இல் டிரிபுட்ஷும் மெல்வின் கால்வினும் காட்டினர். தட்டையான பரப்பில் ஒட்டிய நிறமி சொற்பம் என்பதால் மின்னோட்டமும் சொற்பமாகவே இருந்தது. 1991-இல் ஓ'ரீகனும் மிக்கேல் கிராட்செலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் நுண்துளைகள் நிறைந்த படலத்தைப் பயன்படுத்தியபோது இந்தத் தடை நீங்கியது. செயல்திறன் 7 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அவர்களது சாயம் ருத்தேனியம் என்ற அரிய உலோகத்தால் ஆனது.

மலிவான சாயத்துக்கான தேடலில் இலங்கையின் பங்கு பெரிது. கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர், கசிந்து ஆவியாகும் கரைசலுக்குப் பதில் திண்மமான செப்பு அயோடைடை வைத்து, மலர் நிறமியான சயனிடினைச் சாயமாக ஏற்றிய கலத்தை 1995-இல் அறிவித்தனர். 1998-இல் செஞ்சந்தனக் கட்டையின் சிவப்பு நிறமியான சாண்டலினையும் சோதித்தனர்.

பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 2008-இல் இலங்கை ஆய்வாளர்கள் பெர்னாண்டோ, செனதீர ஆகியோரின் கட்டுரை வெளியானது. வீட்டுத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் பூப்பவையே அவர்களது மூலப்பொருள். செம்பருத்தியும் செவ்வகத்தியும் தலா 1.02 சதவீதச் செயல்திறன் தந்தன, அரளி 0.59. செம்பருத்திக் குடும்பத்தின் ஹைபிஸ்கஸ் சுரட்டென்சிஸ் 1.14 சதவீதத்துடன் முதலில் நின்றது. பூக்களின் ஆந்தோசயனின் என்ற நிறமியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்வதால் சாயம் படலத்தில் நன்கு ஒட்டுகிறது.

ருத்தேனியச் சாயக் கலங்கள் 11 சதவீதத்தை எட்டியவை. தாவர நிறமிகள் ஒளிநிரலின் ஒரு பகுதியை மட்டுமே உறிஞ்சுகின்றன. வெயிலிலும் வெப்பத்திலும் விரைவில் சிதைகின்றன. அதனால் இவை இன்னும் கூரைக்கு ஏறவில்லை.

வகுப்பறைக்கோ இவை எப்போதோ வந்துவிட்டன. ஸ்மெஸ்டாடும் கிராட்செலும் 1998-இல் வேதியியல் கல்வி இதழ் ஒன்றில் விளக்கிய செய்முறைக்கு வேண்டியவை மின்கடத்தும் கண்ணாடி, டைட்டானியம் டை ஆக்சைடு, பிளாக்பெர்ரி சாறு, அயோடைடு கரைசல், எதிர்முனையில் தேய்க்க ஒரு பென்சில். நச்சு வாயுவோ உயர் வெற்றிடக் கருவியோ இன்றி, மாணவர்கள் தம் கையாலேயே ஒரு சூரிய மின்கலத்தைச் செய்து அளந்து பார்க்க இது வழிசெய்தது.