சாவி கொடுத்தவர் யார்?

வாடகைக்கு எடுத்த காரைப் பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஓட்டிச் சென்று ஒருவர்மீது மோதிவிட்டால், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? அந்த வயதுக்குக் குறைந்தோர் பொது இடத்தில் மோட்டார் ஓட்டலாகாதென்று 1939-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ஆயினும் அடிபட்டவருக்கு ஆதரவான கட்டாய இன்ஷூரன்ஸ் 1946 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே எமக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் வாதாடின.

அவ்வாதத்தை உச்சநீதிமன்றம் சிறிது சிறிதாகத் தளர்த்தியது. 1987-இல் தீர்ப்பான குஜராத் லாரி வழக்கு சுவையானது. எஞ்சினை ஓடவிட்டு டிரைவர் தின்பண்டம் வாங்கப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியைக் கிளப்பிவிட்டார். சொந்தக்காரர் தாமே நிபந்தனையை மீறாதபோது கம்பெனி தப்ப இயலாது என்றது மன்றம். 2011-இல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கு. அனுமதியின்றிச் சிறுவன் எடுத்துச் சென்றான் என்றார் சொந்தக்காரர். மன்றம் அதை ஏற்கவில்லை. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அவரிடம் வசூலிக்கலாம் என்றது.

2019-இல் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. சிறுவன் ஓட்டினால் பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாது என்றோ, தக்க கவனம் செலுத்தினோம் என்றோ மெய்ப்பிப்பது அவர்கள் பாடு. வாடகைக்கு விடுவோர் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வெறும் சடங்கன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒன்று: விபத்து எங்கு நேர்ந்தாலும், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.