வெள்ளைக் கோடுகளின் கதை

காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் கடமையில் நிற்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி பழகியதே. ஒருபுறம் விரைந்தோடும் மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும். மறுபுறம் முதுகில் புத்தகப் பையுடன் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பிள்ளைகள். நடுவே மங்கிப்போன சில வெள்ளைக் கோடுகள். "ஐயா, வண்டிகள் நிற்கவில்லையென்றால் இந்தக் கோடு எதற்கு?" என்று முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். அவ்வினாவுக்கு விடை தேடியபோது வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் மகிழுந்து மோதி உயிரிழந்த முதல் பாதசாரி பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்னும் பெண்மணி. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில், உடன் வந்த மகளின் கண்முன்னே அவர் மாண்டார். இத்தகைய நிகழ்வு இனியொருபோதும் நேரக்கூடாது என விசாரணை அதிகாரி அன்று விருப்பம் தெரிவித்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1930ஆம் ஆண்டுச் சட்டம் மகிழுந்துகளுக்கு இருந்த வேக வரம்பையே நீக்கியது. 1934ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பாதசாரிகள்.

அவ்வாண்டு போக்குவரத்து அமைச்சராகப் பொறுப்பேற்றவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. பாதசாரிகள் கடக்குமிடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பமும், அதன் உச்சியில் செம்மஞ்சள் நிற உருண்டையும் நாட்டச் செய்தார். இன்றளவும் அவை 'பெலிஷா விளக்கு' என்றே வழங்கப்படுகின்றன. 1935இல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வேக வரம்பும், ஓட்டுநர் தேர்வும் நடைமுறைக்கு வந்தன.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கம்பம் தெரிந்ததேயன்றி, சாலையில் பதித்த உலோகக் குமிழ்கள் ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் தென்படவில்லை. எனவே சாலை ஆய்வாளர்கள் பலவகை வண்ணக் கோடுகளைத் தீட்டிச் சோதித்தனர். 1949இல் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் வெள்ளோட்டம் நடைபெற்றது. கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளே தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிந்தன. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஸ்லோ நகரின் கடைத்தெருவில் வரிக்குதிரைக் கோடு பிறந்தது. பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கலஹான்தான் அப்பெயர் தோன்றக் காரணமானவர் என்பர். அவர் அதற்கு உரிமை கொண்டாடியதில்லை.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது வண்ணத்தையன்று, உடன்வந்த விதியை. அக்கோட்டில் கால் வைத்தவருக்கே முன்னுரிமை. வண்டிதான் நிற்க வேண்டும். விதியின்றிக் கோடு மட்டும் இருந்தால் அது வெறும் சாயமே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் போதாதென உணர்ந்த பிரிட்டன், 1953இல் தனிச்சட்டம் இயற்றியது. பள்ளி வாசலில் பலகையேந்தி வண்டிகளை நிறுத்தும் காவலர்களுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

ஏன் போதாது? சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஸ்டினா சாண்டல்ஸ் 1960களில் இதனை ஆராய்ந்தார். வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் கணிக்கும் திறன் சிறு பிள்ளைகளிடம் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதிலும் அவர்கள் தடுமாறுவர். போக்குவரத்துக்கேற்பக் குழந்தையை மாற்றிவிட முடியாது, குழந்தைக்கேற்பப் போக்குவரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பதே அவர் ஆய்வின் சாரம். 'வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார்' என்று கற்பிக்கும் நமக்கு இது பெரும் படிப்பினை. பாடம் தேவைதான். ஆனால் பிள்ளையின் உயிரை அப்பாடத்தின்மேல் மட்டும் ஏற்றிவைப்பது முறையாகாது.

கணிதப் பாடத்திலேயே இதனை விளக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து, ஓட்டுநர் விழித்துக்கொள்ளும் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 8 மீட்டரே. தடையை மிதிக்கு முன்னரே ஏற்படும் இந்த 6 மீட்டர் வேறுபாடு ஒரு குழந்தையின் உயிராகவும் இருக்கலாம்.

அண்டை நாடான சிங்கப்பூர் 2009இல் ஒரு நல்வழியைச் சோதித்தது. முதியோர் தம் அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால், பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். மெல்ல நடப்பவரை விரட்டாமல், விளக்கையே காத்திருக்கச் செய்த ஏற்பாடு அது.

பெற்றோர்களே, பள்ளி வாசலில் கோட்டின்மேலேயே மகிழுந்தை நிறுத்திப் பிள்ளையை இறக்குவோரும் நம்மவரே என்பதை மறுக்க இயலுமா? நம் பிள்ளை பத்திரமாக இறங்கும் அந்நேரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பார்வை மறைக்கப்படுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுவோம். கோடு மங்கியிருந்தால் பொதுப்பணித் துறைக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ படத்துடன் கடிதம் எழுதுவோம். வேகத்தடையும் கேட்போம்.

அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, கோடு வண்டியை நிறுத்தாது. கோட்டைக் கண்டதும் நிற்கும் மனிதர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கத்தான் நாங்கள் இருக்கிறோம்."

சிந்திப்போம், செயல்படுவோம்.