மேல்நோக்கிய மின்னல்

உயர்ந்த கோபுரம், புகைபோக்கி, காற்றாலை ஆகியவற்றின் முனையில் தொடங்கி முகிலை நோக்கி ஏறும் மின்னல். கிளைகளைக் கொண்டே இனங்காணலாம்: வழமையான மின்னல் நிலத்தை நோக்கிக் கிளைவிடும், இது வானத்தை நோக்கிக் கிளைவிடும்.

நியூயோர்க்கின் 381 மீட்டர் உயர எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1930களின் நடுப்பகுதியில் மக்கீக்ரன் தொடங்கிய ஆய்வு இதை நிறுவியது. 1943 முதல் சுவிட்சர்லாந்தின் சன் சல்வத்தோரே மலையில் கார்ல் பெர்கர் மின்னோட்டத்தை அளந்தார். சமவெளியில் 100 மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களிலிருந்து இம்மின்னல் எழுவது அரிது. பெர்கரின் கோபுரங்களோ ஏறத்தாழ 70 மீட்டர்தான். மிச்சத்தை மலை கொடுத்தது.

ஆனால் முகிலின் உயரத்தை விட்டுவிட்டுக் கோபுரத்தின் உயரத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கே. ஜப்பானின் மேற்குக் கரையில் குளிர்கால முகில்களின் மின்னேற்றம் நிலத்துக்கு மிக அருகில் இருக்கும். அதனால் இடி குறைந்த அந்தப் பருவத்திலும் கோபுரங்களிலிருந்து மின்னல் எழுகிறது. ஒஸ்திரியாவில் 1998 முதல் அளவீடு நடக்கும் கைஸ்பேர்க் கோபுரத்திலும் குளிர்கால மின்னல் உண்டு. காற்றுக்கும் இதில் பங்குண்டு. கோபுர முனையில் கசியும் மின்னேற்றம் அங்கேயே தங்கினால் திரைபோல் நின்று மின்புலத்தைத் தணிக்கும். பலத்த காற்று அதை அடித்துச் சென்றால் மின்னல் கிளம்ப வழி பிறக்கும். அமெரிக்காவின் ரப்பிட் சிற்றியில் கதை வேறு. அங்கே பதிவானவற்றில் ஏறக்குறைய எல்லாமே, சற்றுமுன் வேறிடத்தில் வெட்டிய மின்னலால் தூண்டப்பட்டவை.

இலங்கையில் பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையிலுள்ள கெலிஓயாவின் சுற்றுப்புறத்துக்கு வேறு மின்னலால் தூண்டப்படும் இந்த வகையே பொருந்தும் என்று கருத இடமுண்டு. ஹந்தானை மலைத்தொடர் 1,100 மீட்டரைத் தாண்டுகிறது. அதன் முகட்டில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கம்பளைப் பக்கம் அம்புலுவாவ மலையுச்சியில் 48 மீட்டர் கோபுரம். ஆயினும் இலங்கை வானில் 0 பாகைக் குளிர் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. இடிமுகிலின் முதன்மை எதிர்மின்னேற்றம் அதற்கும் மேலே. யூன், யூலையில் தென்மேல் பருவப்பெயர்ச்சி முகில் ஹந்தானையை மூடும்போது காற்றுண்டு, மழையுண்டு, இடி குறைவு. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களில்தான் கண்டிப் பிரதேசத்தில் இடிமுகில் ஓங்கி எழுகிறது. அப்போது பல கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மின்னல் வெட்டினாலும் முகட்டுக் கோபுரத்தின் முனையில் மின்புலம் நொடிப்பொழுதில் மாறலாம். பழுதுபார்க்கக் கோபுரத்தில் ஏறியவர், இடி தூரத்தில்தானே என்று மேலேயே நிற்கக் கூடாது.