படிம மறுகட்டமைப்புப் பிழை (நுண்ணலைத் தொலையுணர்வு)

செயற்கைக்கோளின் பல சிறு அலைவாங்கிகள் பெறும் நுண்ணலைகளைக் கணக்கிட்டுப் படமாக்கும்போது, புவிப்பரப்பில் இல்லாதது படத்தில் தோன்றுவதே படிம மறுகட்டமைப்புப் பிழை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 நவம்பர் 2 அன்று ஏவிய ஸ்மோஸ் செயற்கைக்கோளின் தரவுகளில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடா, இப்பிழைக்கு எளிதில் இரையாகும் கடல்.

மண் ஈரத்தையும் கடலின் உப்புத்தன்மையையும் அறிய ஸ்மோஸ் 21 செ.மீ. அலைநீளத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே பெரிய தட்டுக்குப் பதிலாக மூன்று கரங்களில் 69 அலைவாங்கிகள் உள்ளன. இரண்டிரண்டாக அவற்றின் சமிக்ஞைகளை ஒப்பிட்டு, ஃபூரியர் முறையில் படம் மீட்கப்படுகிறது. கரங்களின் நீளத்துக்கு எல்லை உண்டு என்பதால், நிலமும் கடலும் சந்திக்கும் இடத்தில் செயற்கை அலைவுகள் எழுகின்றன. அலைவாங்கிகளின் இடைவெளி அலைநீளத்தில் 0.875 மடங்கு, தேவையோ 0.577. அதனால் படத்தின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிகின்றன. அலைவாங்கிகளுக்குள் உள்ள சிறு வேறுபாடுகளும் பிழையைக் கூட்டும். நிலத்தின் சாயல் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரை கடலில் படியக்கூடும்.

இந்த அலைநீளத்தில் கடலின் ஒளிர்வு வெப்பநிலை (வெளியிடும் நுண்ணலையின் வலிமையைக் காட்டும் அளவு) சுமார் 100 கெல்வின். உலர்ந்த நிலத்துக்கு 250-க்கும் மேல். நிலத்தின் மிகையில் நூற்றில் ஒரு பங்கு கடலில் கசிந்தாலே 1.5 கெல்வின் பிழை. வெதுவெதுப்பான கடலில் உப்புத்தன்மை ஓர் அலகு மாறினால் ஏற்படும் மாற்றமோ ஒரு கெல்வினுக்கும் குறைவு. அந்தக் கசிவு கடலை உள்ளதைவிட உப்புக் குறைந்ததாகக் காட்டும். பாக் விரிகுடா குறுகலானது; ஸ்மோஸ் பிரித்தறியும் அளவு 35 முதல் 50 கி.மீ. எனவே இங்கே கரையின் பிடிக்கு வெளியே ஒரு புள்ளி கிடைப்பதே அரிது.

கணக்கிடும் முன்பே தெரிந்த நிலப்பகுதியைக் கழித்துவிடுவது, பல ஆண்டுச் சராசரியைக் கொண்டு சரிசெய்வது ஆகியவை வழக்கமான திருத்தங்கள். புதுக்கோட்டைக் கரையில் சராசரி மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பி மண் நனைந்தால் நிலத்தின் ஒளிர்வு குறைகிறது. கசிவின் அளவும் அதனுடன் மாறுகிறது. அதே மாதங்களில் வெள்ளாற்று நீரும், வங்கக் கடலிலிருந்து தெற்கே இறங்கும் உப்புக் குறைந்த நீரோட்டமும் கடலின் உப்பை உண்மையிலேயே குறைக்கின்றன. எது கடலின் மாற்றம், எது கணக்கின் கோளாறு என்று பிரிப்பதே இங்குள்ள உண்மையான சவால். கரையோர நீரை நேரடியாக அளந்த தரவுகள் இன்றி அதைத் தீர்க்க முடியாது.

2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள், 6 மீட்டர் சுழல் அலைவாங்கியால் நேரடியாக அளப்பதால் இந்த மறுகட்டமைப்புப் பிழை அதற்கு இல்லை. ஆயினும் பக்கவாட்டில் நுழையும் நிலக்கதிர்வீச்சு அதையும் கரையோரம் தடுமாறச் செய்கிறது.